கேள்வி நேரம்: பனிக்கடல் ஆய்வில் ஊராருக்கு என்ன பங்கு?

சென்ற இதழில் வந்த ஆர்க்டிக் கட்டுரையில், அங்கே வாழும் பழங்குடி மக்களைக் கூட்டாளிகளாகச் சேர்க்காத ஆய்வு இனி நிற்காது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடிதம் போட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேல சாட்டிலைட்டு சுத்துது. ஐஸ் எங்க இருக்கு, எவ்ளோ இருக்குன்னு அதுவே சொல்லிடும். அப்புறம் எதுக்கு அங்க இருக்கிற வேட்டைக்காரங்களைக் கேக்கணும்?
— பைபர் படகுக்காரர், காசிமேடு

பாதி பதில் உங்களுக்கே தெரியும். ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் அனுப்பும் மீன்பிடி மண்டலத் தகவலும் சாட்டிலைட்டிலிருந்து வருவதுதான். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் பார்த்து, இன்ன இடத்தில் மீன் கூடலாம் என்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டும், நீரோட்டம் பார்க்காமல் நீங்கள் வலை இறக்குவதில்லை.

ஆர்க்டிக் முழுவதையும் நாள்தோறும் அளக்கும் நுண்ணலைக் கருவிகளின் படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ரேடார் படம் நுணுக்கமானது, ஆனாலும் பத்து, இருபது மீட்டருக்குக் குறைந்த விரிசல் அதில் தப்பிவிடும். பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி முழுகுவதற்கு இரண்டு மீட்டர் விரிசல் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஸ் மேல் பனி தடிமனாக விழுந்தால் அது கம்பளிபோல் மூடிக்கொண்டு, மேலேயுள்ள குளிரைக் கீழே விடாது. ஐஸ் தடிப்பது நின்றுபோகும். குறுகலான கால்வாய்களில் ஓடும் நீரோட்டம் அடியிலிருந்தும் அரிக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. எந்த முனைக்கருகில், எந்தக் காற்றுக்குப் பிறகு, எத்தனை நாள் போகக்கூடாது என்பதை அந்த வழியில் பிழைப்பவர்தான் சொல்ல முடியும்.

2009–10 குளிர்காலம் கனடாவின் லாப்ரடார் கரையில் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. நெய்ன் என்ற இனூயிட் பழங்குடி ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பலர் ஐஸ் உடைந்து விழுந்தார்கள். அதன் பிறகு ஊர்க்காரர்களும் மெமோரியல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தொடங்கியதுதான், ஐஸின் தடிப்பை அளந்து சொல்லும் ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பு. அதில் இரண்டு கருவிகள். ஒன்று மிதவை: ஐஸில் துளை போட்டு, வெப்பமானிகள் வரிசையாகக் கட்டிய நீண்ட தண்டை இறக்குகிறார்கள். காற்று, பனி, ஐஸ், கடல்நீர் ஒவ்வொன்றிலும் வெப்பம் ஏறி இறங்கும் விதம் வேறு. அந்த வேறுபாட்டிலிருந்து பனியும் ஐஸும் எவ்வளவு தடிப்பு என்று கணக்கிடலாம். மற்றது, ஸ்னோமொபைலுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் மரச் சறுக்குவண்டியில் வைக்கும் மின்காந்தக் கருவி. உப்புநீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், ஐஸில் பாயாது. கருவி அனுப்பும் காந்தப்புலத்துக்குக் கீழேயுள்ள நீர் எவ்வளவு பலமாக மறுமொழி தருகிறதோ, அதை வைத்து நீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும்.

இந்தக் கருவி தவறும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பனியும் ஐஸும் சேர்ந்த மொத்தத் தடிப்பையே அது தரும், தனித்தனியாகப் பிரிக்காது. ஆற்று முகத்துவாரத்தில் நன்னீர் கலந்திருந்தால் மின்சாரம் பாய்வது குறைந்து, அளவு தப்பாக வரும். அந்த மாதிரி இடங்கள் எவை என்றும், மிதவையை எங்கே நட வேண்டும் என்றும் ஊர்க்காரர்களே முடிவு செய்கிறார்கள். கருவியை ஓட்டுகிறவர்களும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்தான். கடைசியில் வரும் வரைபடத்தில் போகலாம், நிதானமாகப் போகலாம், போகக்கூடாது என்று மூன்றே வகை. வேட்டைக்குப் புறப்படுகிறவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கனடா ஆர்க்டிக்கில் கடல் ஐஸ் பற்றி ஆராயும் குழுவில் சேர இருக்கிறேன். நிதி விண்ணப்பத்தில் 'உள்ளூர் மக்கள் பங்கேற்பு' என்று ஒரு பத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது?
— எம்.எஸ்சி. மாணவி, தண்டையார்பேட்டை

பத்தியை அப்புறம் எழுதலாம், முதலில் பட்ஜெட்டைப் போடுங்கள். பங்கேற்பு என்று அழகாக எழுதி, அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காத விண்ணப்பங்களை அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கேள்வியை இறுதி செய்வதற்கு முன்பே ஊருக்கு எழுதுங்கள். கனடாவின் வடக்கே இனூயிட் வாழும் ஆட்சிப்பகுதியான நூனாவுட்டில் 25 ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஊராட்சி மன்றமும், வேட்டைக்காரர் சங்கமும் இருக்கின்றன. நீங்கள் ஆராய நினைப்பதை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பி, இது உங்களுக்குப் பயன்படுமா, இதைவிட அவசரமானது உண்டா என்று கேளுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஏப்ரலில் களப்பணி என்றால் முந்தைய ஆண்டு தொடக்கத்திலேயே முதல் கடிதம் போயிருக்க வேண்டும். பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊருக்கு ஏற்கெனவே நாலைந்து ஆய்வுக் குழுக்கள் வந்துபோய், பேசிப் பேசி அலுத்திருக்கலாம்.

அடுத்து உரிமம். நூனாவுட்டில் விஞ்ஞானிகள் சட்டம் என்றே ஒரு சட்டம் உண்டு. இக்காலுயிட்டில் இருக்கும் நூனாவுட் ஆய்வு நிறுவனத்தின் உரிமம் இல்லாமல் ஆய்வு செய்யக்கூடாது. விண்ணப்பத்தோடு, சாதாரண ஆளுக்குப் புரியும் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் இனூயிட்டின் இனுக்டிடூட் மொழியிலும் கொடுக்க வேண்டும். மேற்குப் பகுதியானால் இனுயின்னக்டுன். மொழிபெயர்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகும், காசும் ஆகும். இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. விலங்குகளைத் தொடுவதானால் வனவிலங்கு அனுமதி தனி. மனிதர்களிடம் பேட்டி எடுப்பதானால் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

இனி பட்ஜெட். மொழிபெயர்ப்பாளர் கூலி. பெரியவர்களுக்குப் பேட்டிக்கான மதிப்பூதியம். வழிகாட்டிக்கு நாள் கூலி தனியாக, அவருடைய ஸ்னோமொபைல் வாடகை தனியாக, சறுக்குவண்டி, பெட்ரோல், சாப்பாடு, துப்பாக்கி ரவை தனித்தனியாக. துருவக்கரடிக் காவலுக்கு ஓர் ஆள். ஊர்க்கூட்டத்துக்கு மண்டப வாடகை, டீ, சாப்பாடு. ஆய்வு முடிந்ததும் முடிவைச் சொல்லத் திரும்பிப் போகும் பயணம்: இதைத்தான் நிதி அதிகாரிகள் முதலில் வெட்டுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நூனாவுட்டின் எந்த ஊருக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம்தான், கனத்த சாமானுக்குக் கோடைக் கப்பல்தான். பனிப்புயலில் விமானம் நிற்கும் நாட்களுக்கும் தங்கும் செலவு போட்டு வையுங்கள். எவ்வளவு கூலி என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வேட்டைக்காரர் சங்கத்தைக் கேட்டால் அந்த ஊரின் நடப்புக் கூலியைச் சொல்வார்கள்.

பணம் கொடுக்கும் முறையிலும் வழுக்கும். மூன்று மாதம் கழித்து வரும் காசோலையால் வழிகாட்டிக்கு இன்றைய பெட்ரோல் வாங்க முடியாது. பல ஊர்களில் வங்கிக் கிளையே இல்லை. எண்பது வயதுப் பெரியவரிடம் பில் கேட்கும் கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே கொடுக்க ஒப்புதல் பெறுங்கள். அறிவுக்கு விலை பேசுவதா என்று தயங்க வேண்டியதில்லை. உங்கள் பேராசிரியரும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்.

பேட்டியை எப்படி எடுப்பது? மேசை மேல் 1:2,50,000 அளவுள்ள நிலவரைபடத்தை விரித்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் தாளைப் போடுங்கள். ஆளுக்கொரு தாள். வரைபடத்தின் மூலை அடையாளங்களைத் தாளில் குறிக்க மறந்தால், பிறகு எந்தக் கோடு எங்கே என்று பொருத்தவே முடியாது. வழிக்கு ஒரு நிறம், ஆபத்தான இடத்துக்கு ஒரு நிறம், விலங்குகளுக்கு ஒரு நிறம். ஜனவரி, பிப்ரவரி என்று கேட்காமல் அவர்களுடைய பருவங்களின் பேரில் கேளுங்கள். "ஐஸ் மெலிந்துவிட்டதா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "இந்த வழியாகக் கடைசியாக எப்போது போனீர்கள், ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் விஷயம் வரும். மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் துறைச் சொற்களின் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பேட்டி முடிந்ததும் எழுதியதையும் வரைந்ததையும் பேட்டி கொடுத்தவரிடமே திரும்பக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். பேர் போடலாமா வேண்டாமா என்பது அவர் விருப்பம். பேரை மறைப்பதே நெறி என்று நாம் நினைப்போம். தான் சொன்னதற்குத் தன் பேர் வர வேண்டும் என்று கேட்கிற பெரியவர்கள் அங்கே உண்டு.

திமிங்கல வேட்டை, சீல் வேட்டை, மான் வேட்டைக் காலத்தில் பேட்டி கேட்டுப் போகாதீர்கள். ஊரில் சாவு விழுந்தால் எல்லாம் நிற்கும், நீங்களும் நில்லுங்கள்.

பெரியவர்கள் சொல்வது அனுபவம், சரி. ஆனால் கருவி ஒன்று சொல்லி, அவர்கள் வேறொன்று சொன்னால் அறிவியல் எதை எடுக்கும்?
— பள்ளி ஆசிரியர், திருவொற்றியூர்

யார் எதை, எங்கிருந்து, எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது மட்டும் கூடாது.

1977இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் அலாஸ்காவில் போஹெட் திமிங்கல வேட்டையைத் தடை செய்தது. அந்த இனத்தில் மிஞ்சியிருப்பது இரண்டாயிரத்துக்குள்தான் என்பது அன்றைய கணக்கு. இனூபியாட் வேட்டைக்காரர்கள் கணக்கே தப்பு என்றார்கள். ஐஸ் ஓரத்தில் உட்கார்ந்து, திறந்த நீர்வழியில் மூச்சுவிட வரும் திமிங்கலங்களை மட்டும் எண்ணுகிறீர்கள். வழி மூடிக்கொண்டாலும் அவை நிற்பதில்லை. தலையால் ஐஸை முட்டி மூச்சுத்துளை செய்துகொண்டு அடியிலேயே போகும், கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் போகும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையம் என்ற தங்கள் அமைப்பையும் தொடங்கினார்கள்.

1980களில் ஐஸ் ஓரத்தில் பல இடங்களில் நீரடி ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரே குரல் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் எத்தனை நொடி முன்பின் வருகிறது என்பதை வைத்துத் திமிங்கலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வேட்டைக்காரர்கள் சொன்னபடியே, ஐஸுக்கு அடியிலும் தூரத்திலும் திமிங்கலங்கள் போய்க்கொண்டிருந்தன. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஏறக்குறைய 16,900. இந்த உயர்வு முழுவதும் எண்ணும் முறை திருந்தியதால் வந்ததல்ல, இனமும் உண்மையிலேயே பெருகியது. ஆனால் வேட்டைக்காரர்கள் சொன்னதை ஒரு கருதுகோளாக எடுத்துச் சோதித்திருக்காவிட்டால், எண்ணும் முறை அவ்வளவு சீக்கிரம் திருந்தியிருக்காது.

எல்லா முரணும் இப்படி முடிவதில்லை. துருவக்கரடிகள் கூடியிருக்கின்றன என்று இனூயிட் சொல்வதும், சில கூட்டங்கள் குறைகின்றன என்று கணக்கெடுப்பு சொல்வதும் இன்றும் ஓயாத தகராறு. ஊருக்கு அருகே அதிகம் வருவதும் மொத்தத்தில் அதிகம் இருப்பதும் வேறு வேறு என்பது விஞ்ஞானிகள் தரப்பு. மயக்க ஊசி போட்டுப் பிடிப்பதே விலங்குக்கும் இறைச்சிக்கும் கேடு என்பது ஊர்க்காரர் தரப்பு. இதில் எண்ணிக்கைத் தகராறு தீராவிட்டாலும் முறை மாறியது. பல இடங்களில் கரடியைப் பிடிக்காமலேயே, சிறு தோல் துணுக்கை மட்டும் எடுத்து விழும் அம்பை எய்து மரபணுவைக் கொண்டு எண்ணுகிறார்கள்.

மேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்து நெனெட்ஸ் கலைமான் மேய்ப்பர்கள் கதையையும் வகுப்பில் சொல்லலாம். 2006 நவம்பரிலும் 2013 நவம்பரிலும் அங்கே பனி மேல் மழை பெய்து உறைந்தது. மேய்ச்சல் நிலம் ஐஸ் தகட்டுக்கு அடியில் பூட்டிக்கொள்ள, முதல் தடவை ஏறக்குறைய 20,000 கலைமான்களும் இரண்டாம் தடவை 61,000 கலைமான்களும் பட்டினியில் செத்தன. எந்த நாளில், எதுவரை மழை பெய்தது என்று மேய்ப்பர்கள் சொன்னதை வானிலைப் பதிவோடும் சாட்டிலைட் படத்தோடும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், பக்கத்திலுள்ள பேரன்ட்ஸ், காரா கடல்களில் ஐஸ் குறைந்ததோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். மேய்ப்பர்கள் கேட்டதில் ஒன்று, நடமாடும் இறைச்சிக்கூடம். மந்தை சாகும் என்று தெரிந்தால், சாவதற்குமுன் இறைச்சியையாவது காப்பாற்றலாமே.

கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்த பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். நண்டு, இறால், சேறு எல்லாம் எடுத்துப் போனார்கள். முடிவு என்ன என்று யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அந்த ஊர்களிலும் இப்படித்தானா?
— மீனவப் பெண், எண்ணூர்

இதைவிட மோசமாகவே நடந்திருக்கிறது, அம்மா. 1897இல் பியரி என்ற அமெரிக்கப் பயணி வடமேற்கு கிரீன்லாந்திலிருந்து ஆறு இனூயிட் மக்களை நியூயார்க்குக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். நாலு பேர் சீக்கிரத்திலேயே நோயில் இறந்தார்கள். அவர்கள் எலும்புகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டு, 1993இல்தான் ஊர் திரும்பின. 1950களில் அமெரிக்க விமானப்படை ஆய்வகம், குளிரைத் தாங்கும் உடலில் தைராய்டுக்கு என்ன பங்கு என்று பார்க்க, அலாஸ்கா பழங்குடியினருக்குக் கதிரியக்க அயோடின்-131 கொடுத்தது. கொடுத்தது என்ன என்று பலருக்கும் புரியும்படி சொல்லவில்லை.

அதனால்தான் அவர்கள் தாங்களே விதி எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் இனூயிட் தேசிய அமைப்பான இனூயிட் தபிரீட் கனடாமி 2018இல் ஆய்வுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆய்வை நிர்வகிப்பதில் இடம், நெறிமுறை, தங்கள் தேவைக்கேற்ற நிதி, தரவின் மேல் உரிமை, தங்கள் ஊரிலேயே ஆய்வு செய்யும் திறன் என்று ஐந்து கோரிக்கைகள். ரஷ்யாவின் சுகோட்காவிலிருந்து அலாஸ்கா, கனடா வழியாகக் கிரீன்லாந்து வரையுள்ள இனூயிட்டின் கூட்டமைப்பு, தங்களோடு எப்படிப் பழக வேண்டும் என்ற வழிமுறையை 2022இல் தந்தது. சானிகிலுவாக் என்ற தீவு ஊரில் தொடங்கிய சிகு என்ற செயலியில், வேட்டைக்காரர் பதிவது அவருடையதாகவே இருக்கும், யாருக்குக் காட்டுவது என்பதும் அவர் கையில்.

எண்ணூரில் அப்படியொரு உரிமச் சட்டம் கிடையாது. ஆனால் மாதிரி கேட்டு வருகிறவரிடம் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்கலாம்: என்ன எடுக்கிறார்கள், எத்தனை கிலோ, எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவு எந்தத் தேதிக்குள் தமிழில் வரும், யார் வந்து சொல்வார்கள், பொறுப்பாளரின் போன் நம்பர். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று ஊரில் இருக்கட்டும். பாதி மாதிரியை ஊரே வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் முறை தெரியாமல் வைத்தால் வீண். எண்ணெய்ச் சோதனைக்கான சேற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால், பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சும், தன் ரசாயனத்தையும் கலக்கும். கழுவிய கண்ணாடிப் புட்டி, மூடிக்குள் அலுமினியத் தாள், வெளிச்சம் படாமல் உறைபெட்டி. ஈயம், பாதரசம் போன்ற உலோகம் பார்ப்பதானால் வேறு புட்டி, வேறு பக்குவம். எந்தச் சோதனைக்கு எது என்று எடுக்க வருகிறவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். புட்டி மேல் தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் இல்லையென்றால் எந்த ஆய்வகமும் அதைச் சீந்தாது.

இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் எந்தப் பழங்குடியோடு சேர்ந்து வேலை செய்கிறது?
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்

எதோடும் இல்லை. 2008இல் திறந்த ஹிமாத்ரி இருப்பது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நீ-ஓலசுண்ட் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில். அந்தத் தீவுகளில் பூர்வகுடி மக்களே கிடையாது. அன்டார்க்டிகாவில் நம் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கும் இதே நிலைமை. அதற்காக இந்தியாவுக்கு இதில் வேலையில்லை என்று ஆகாது. 2013 முதல் ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா பார்வையாளர். அந்த மேசையில் எட்டு நாடுகளோடு ஆறு பழங்குடி அமைப்புகளும் நிரந்தரப் பங்கேற்பாளராக உட்காருகின்றன. அவர்களுக்குப் பேசும் உரிமை உண்டு, ஓட்டு கிடையாது. நமக்கோ அவர்களைவிடவும் பின்வரிசை. கிரீன்லாந்திலோ வட கனடாவிலோ இந்தியக் குழு இறங்கினால், தண்டையார்பேட்டை மாணவிக்குச் சொன்னது அத்தனையும் பொருந்தும்.

ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி ஓர் ஆய்வு நின்றதுண்டா?
— மணலி வாசகர்

உண்டு. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பப் வளிமண்டலத்தின் உயரமான அடுக்கில் நுண்துகள் தூவலாமா என்று ஹார்வர்டு குழு ஒன்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் பலூனை 2021இல் வட ஸ்வீடனின் கிரூனாவிலிருந்து சோதனைக்குப் பறக்கவிட ஏற்பாடு. அந்தப் பறப்பில் துகள் எதுவும் தூவுவதாக இல்லை, கருவிச் சோதனை மட்டும்தான். ஆனால் அது சாமி என்ற வட ஐரோப்பியப் பழங்குடி மக்களின் கலைமான் நிலம். அவர்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சாமி கவுன்சில் பிப்ரவரியில் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. மார்ச்சில் பறப்பு நிறுத்தப்பட்டது. 2024இல் திட்டமே கைவிடப்பட்டது.

தொலைந்த கப்பலை இனூயிட் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், கொருக்குப்பேட்டை

1845இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய பிராங்க்ளினின் இரண்டு கப்பல்கள் ஆர்க்டிக்கில் காணாமல் போயின. 1854இலேயே, பட்டினியால் செத்த வெள்ளைக்காரர்களைப் பற்றி இனூயிட் சொன்னதை ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி லண்டனுக்குக் கொண்டுபோனார். கடைசியில் அந்தக் கப்பல்காரர்கள் மனித இறைச்சி தின்றார்கள் என்பதும் அதில் இருந்ததால், அங்கே பலர் நம்ப மறுத்தார்கள். எரெபஸ் கப்பல் 2014இல் கிடைத்தது. இனூயிட் வாய்மொழி காட்டிய தெற்குப் பகுதியில்தான் அது மூழ்கிக் கிடந்தது. டெரர் கப்பல் 2016இல் கிடைத்தது. கடல் ஐஸிலிருந்து மரத்தூண் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை முன்பு பார்த்ததாக, தேடல் குழுவில் இருந்த இனூயிட் வேட்டைக்காரர் ஒருவர் சொன்ன இடம் அது. அந்த விரிகுடாவின் பேரே டெரர் விரிகுடா.